தண்ணீர் மேற்கே போன மத்தியானம்

என் கல்யாணத்துக்கு என் அக்காவைக் கூப்பிடுவதற்காக நான் கடல் தாண்டிப் போனேன். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள். கூடப் பிறந்தவளைப் போய் யாராவது அழைப்பார்களா? எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் கோலம் போட வேண்டியவள் அவள்தானே? வாஸ்தவம். எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் கோணல். சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் படகேறுகிறேன்.

அக்கா கலைவாணி என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால், பத்திரிகை அடித்து மண்டபமும் பிடித்த பிறகு, தன் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அந்தப் பையன் பேசறதக் கேட்டா எனக்குப் பயமா இருக்குப்பா" என்று காரணமும் சொன்னாள். அது அப்பாவின் காதில் ஏறவில்லை. இரண்டு மாதத்தில் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது, போய்விட்டாள். அப்பா திருவாரூர்ப் பக்கம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சையில் காப்பி அடித்தவனையெல்லாம் தோளில் தட்டி உட்கார வைத்தவர். அக்காவின் போன் வந்தால் மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஆறு வருஷமாக இருவருக்கும் ஒரு வார்த்தை கிடையாது.

எனக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை கும்பகோணத்துக்காரர், நல்லவர், இந்தக் கட்டுரையில் அவருக்கு வேறு வேலை இல்லை. "நான் வரலடி பவி, போட்டோ அனுப்பு" என்று அக்கா போனில் சொன்ன அன்றைக்கே நான் டிக்கெட் தேட ஆரம்பித்துவிட்டேன். நேரில் போய் எதிரே உட்கார்ந்தால் வந்துவிடுவாள் என்று எனக்கு உறுதி. அம்மா இரண்டு கிலோ முறுக்கு சுட்டுக் கொடுத்தாள்.

கார்த்திகை மாதம். ஊரில் அடைமழை, சம்பா வயல்களில் தண்ணீர் வடிய இடமில்லாமல் நின்றது. அதிலிருந்து கிளம்பி ஒரு வியாழக்கிழமை வெயிலில் இறங்கினேன்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தலைநகரிலிருந்து தீவுக்குப் போகும் ஸ்பீட் போட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மன்னார்குடி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தே கல்லூரி முடித்தவள் நான், எந்த வண்டியும் என்னை ஒன்றும் செய்யாது என்று இறுமாந்திருந்தேன். அந்தப் படகு அலை மேல் ஓடவில்லை, ஒவ்வோர் அலையிலும் ஏறி விழுந்தது. இருபது நிமிஷத்தில் காலையில் சாப்பிட்ட இட்லி திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த முக்காடு போட்ட அம்மாள் கைப்பையைத் திறந்து, ஒரு கிராம்பையும் கொஞ்சம் பாக்குச் சீவலையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். கடல் தாண்டியும் சீவல்! மென்றேன். வயிறு அடங்கியது. கும்பகோணம் சீவலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான் வித்தியாசம்.

படகுத்துறையில் அக்கா ஸ்கூட்டரோடு நின்றாள். தீவின் பெயரை எழுதக் கூடாது என்பது அவள் நிபந்தனை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருபது நிமிஷ நடை.

"இதுக்கு எதுக்குக்கா ஸ்கூட்டர்?"

"இங்க நடந்து போனா, ஒடம்பு சரியில்லையா மிஸ்னு நாலு பேரு கேப்பாங்க. ஏறு."

ஏறினேன். மணல் தெரு, பவளக்கல் மதில், எங்கே பார்த்தாலும் தென்னை. காய்கள் சின்னச் சின்னதாக இருந்தன. பேராவூரணித் தோப்புக்காரர்கள் பார்த்தால் "இத உரிக்கற கூலிக்குக் கட்டாதுங்க" என்று திரும்பிப் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் காயைத் துருவி, சூரை மீனை உதிர்த்துப் போட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு அக்கா தட்டில் வைத்தபோது நான் தோப்புக்காரர்களை மறந்துவிட்டேன். அது அவர்களுக்குக் காலைச் சாப்பாடு. எனக்காகச் சாயங்காலமே செய்து வைத்திருந்தாள்.

இரவுக்கு வழக்கம்போலச் சோறு. ஒரு நெல்மணி விளையாத நாட்டில் சோறு இல்லாமல் ஒருநாள் போவதில்லை. அரிசி கப்பலில் வருகிறது. வயல் என்றால் அக்காவின் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரு படம். எங்கள் வீட்டுப் பின்னால் இடுப்பளவு சம்பா நிற்கும் வீடியோவைக் காட்டியபோது ஒரு பெண், "மிஸ், இது முழுக்க உங்க அப்பா சாப்பிடவா?" என்று கேட்டாளாம்.

அப்பா என்ற வார்த்தை வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "அக்கா, கல்யாணத்துக்கு..."

"மொதல்ல குளி. வாந்தி வாடை அடிக்குது."

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மத்தியானத் தொழுகை முடியும் வரை கடைகள் கூடத் திறக்கவில்லை. "வா, கடல்ல எறங்கலாம்" என்று அக்கா கூப்பிட்டபோது, வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஓடம்போக்கி ஆற்றில் கால் நனைக்கவும் விடாமல் வளர்க்கப்பட்டவள் அவள். பெரிய பெண் ஆற்றில் குதிக்கலாமா என்று அவளுக்குத் தடை. என் முறை வந்தபோது தடை போட்டுப் போட்டு வீட்டில் எல்லோரும் களைத்திருந்தார்கள், நான் தப்பித்தேன். நான் குதிப்பேன். அவள் படித்துறையில் உட்கார்ந்து என் துண்டையும் செருப்பையும் பார்த்துக்கொள்வாள்.

இப்போது முழங்கை மூடிய சட்டையும் நீளக் காற்சட்டையுமாக, நீச்சலுக்கான கண்ணாடி முகமூடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்பக்கா கத்துக்கிட்டே?"

"ஏழாங்கிளாஸ் புள்ளைங்க கத்துக் குடுத்துச்சுங்க. மிஸ்ஸுக்கு நீச்சல் தெரியாதுன்னதும் அதுங்களுக்கு அவமானமாப் போச்சு. ஒரு டெர்ம் பூரா, சாயங்காலம் சாயங்காலம் எனக்குக் கிளாஸ். ஹோம்வொர்க் வேற குடுத்துச்சுங்கடி."

முகமூடிக் கண்ணாடியில் உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஆவி படியும். தண்ணீருக்கு மேலே நீளும் மூச்சுக்குழலைப் பல்லால் கவ்வி வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். இதெல்லாம் வந்துவிட்டது. சிரிக்காமல் இருப்பதுதான் வரவில்லை. சிரித்தால் கன்னத்தில் மடிப்பு விழும், மடிப்பு வழியாகக் கடல் உள்ளே வரும். ஒரு குட்டி மீன் என் கட்டை விரலை வந்து வந்து கொத்தியது. நான் சிரித்தேன், குடித்தேன், இருமினேன், மறுபடி சிரித்தேன். அன்று காலை இந்தியப் பெருங்கடலின் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

தண்ணீருக்குள் தலையை வைத்தால் ஒரு சத்தம் கேட்கிறது. இரும்புச் சட்டியில் நெல் பொரிவதைப் போல, ஓயாமல், சடசடவென்று. பவளத்துக்குள் இருக்கும் சின்ன இறால்களின் சத்தம் என்றாள் அக்கா. கிளிமீன்கள் பவளத்தைக் கடிப்பதும் தனியாகக் கேட்கும், நறுக் நறுக்கென்று.

சாயங்காலம் கடற்கரையில் கயிற்றால் பின்னிய வலைநாற்காலிகளில் ஆளுக்கொன்றில் தொங்கிக்கொண்டு முறுக்கு தின்றோம். நல்ல நேரம் என்று நினைத்து ஆரம்பித்தேன்.

"தோழியா நீதான்கா நிக்கணும். வேற யாரையும் நான் நிக்க விட மாட்டேன்."

எங்கள் பக்கம் மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு தோழி நிற்பாள். மாலையைச் சரி செய்வாள், நெற்றி வேர்வையை ஒற்றி எடுப்பாள், கல்யாண வீடியோ முழுக்க வருவாள். பெரும்பாலும் கல்யாணமாகாத தங்கை.

அக்கா முறுக்கை ஒடித்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. "முப்பத்தி மூணு வயசுல, தங்கச்சி பின்னாடி, தோழியா?"

"யாரு என்ன சொல்லிடுவாங்க?"

"சொல்ல மாட்டாங்கடி. கேப்பாங்க. 'ஏம்மா, ஒனக்கு எப்ப?' 'அந்தப் பையன் அப்படி என்னதான் சொன்னான்?' 'அங்கயே யாரையாச்சும் பாத்துக்கிட்டியா?' நீ மணையில ஒக்காந்திருப்ப, ஊரே என்னையப் பாத்துக்கிட்டிருக்கும். அப்பா ஒரு தூணுக்குப் பின்னாடி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிப்பாரு. ஒன் கல்யாணத்த நான் வந்து கெடுக்க மாட்டேன்."

"நீ வரலைன்னாதான் கெடும்."

"கெடாது. ஒரு நாள் அழுவ. அப்பறம் அவரோட ஊட்டிக்குப் போயிடுவ."

எனக்குப் பொறுமை போதாது. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆறு வருஷமா இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டு, பெருசா தியாகம் மாதிரி பேசாத."

அக்கா எழுந்து, மடியில் விழுந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு, ஸ்கூட்டரைக்கூட எடுக்காமல் நடந்து போனாள். அவளை வழியில் எத்தனை பேர் உடம்புக்கு என்னவென்று கேட்டார்களோ தெரியாது.

பவளம் பார்க்கப் போகும் சனிக்கிழமைப் படகு முன்பே பேசி வைத்தது, அதனால் பேசாமலே கிளம்பினோம். அவர்கள் மொழியிலும் அதற்குப் பெயர் தோணிதான். ஓட்டுபவர் ஹசன், ஐம்பது வயது, அவர் மகள் அக்காவிடம் படிக்கிறாள். எங்களோடு ஓர் இத்தாலியத் தம்பதி, தேனிலவுக்கு வந்தவர்கள், படகு முழுக்க அவர்கள் மட்டும் பேசினார்கள்.

தீவுக்கூட்டத்தின் மேற்கு விளிம்பில், வெளிக்கடலுக்கு வாசல் மாதிரி ஓர் இடைவெளி. அதன் ஓரமாக நீளமாகப் பவளத்திட்டு. மிதவை ஒன்றில் கயிற்றைக் கட்டிவிட்டு, ஹசன் ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அது கிழக்கே நகர்ந்தது.

"நீரோட்டம் எந்தப் பக்கம்னு பாக்கறாரு" என்றாள் அக்கா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கடலைப் பார்த்துச் சொன்னாள்.

குதித்தோம். ஐயோ, அந்த ஒரு மணி நேரத்தை எப்படி எழுதுவது! கையைக் காலை ஆட்ட வேண்டியதே இல்லை, தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறது. ரயில் ஜன்னலில் வயல் ஓடுவது போலக் கீழே பவளம் ஓடுகிறது. மான் கொம்பு மாதிரி, முட்டைக்கோஸ் மாதிரி, மூளை மாதிரி. மஞ்சள் மீன்கள் நூறு, ஒரே திசையில் மூக்கை வைத்து, ஓட்டத்தை எதிர்த்துக்கொண்டு நின்ற இடத்தில் நின்றன. எல்லாம் மேற்கே பார்த்து. ஓர் ஆமை எங்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்தது. நடுநடுவே பெரிய பெரிய சாம்பல் திட்டுகள், கடல் சூடேறியதில் வெந்து செத்த பவளம். அங்கெல்லாம் அக்கா விரலை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். போச்சு. பேச்சு இல்லாவிட்டாலும் ஒன்றையும் எனக்குக் காட்டாமல் அவள் விடவில்லை. ஹசன் கிழக்கே வந்து எங்களை அள்ளிக்கொண்டு, திரும்பவும் பழைய மிதவைக்கே போய்க் கயிறு கட்டினார்.

மத்தியானம் படகிலேயே சோறும் சூரை மீன் குழம்பும். சாப்பிட்டு முடித்தபோது கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. இத்தாலியர்கள் படகை ஒட்டி இறங்கி மிதந்தார்கள். அக்கா படகின் கூரை மேல் ஏறி, கொண்டுவந்த பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். ஹசன் பாத்திரம் கழுவினார். எனக்கு மட்டும் வேலை இல்லை. இருபத்தாறு வயது, நீச்சல் தெரியும், மூத்தவள் மேல் கோபம். யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன்.

இங்கே எங்கள் ஊர் ஆற்று விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். படித்துறையிலிருந்து கரையோடு மேற்கே மதகு வரைக்கும் நடப்போம். அங்கே குதித்தால் போதும், ஆறு தானாகக் கொண்டுவந்து படித்துறையில் சேர்த்துவிடும். காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துத் தண்ணீர் வரும், வராமல் போகும், வந்து ஊரை முழுக்கும். ஆனால் ஒருநாளும் மேற்கே போனதில்லை.

ஆகவே நான் மேற்கே நீந்தினேன். தேங்கின தண்ணீர், சுலபமாக இருந்தது. நல்ல தூரம் போய்த் திரும்பி, கைகளை விரித்துக் குப்புறப் படுத்தேன். இனி ஓட்டம் பார்த்துக்கொள்ளும், நேராகப் படகில் கொண்டுபோய் விடும். கொஞ்ச நேரத்தில் கீழே பவளம் நகர ஆரம்பித்தது. சபாஷ் என்று நினைத்தேன். மஞ்சள் மீன்கள் எல்லாம் இப்போது கிழக்கே மூக்கை வைத்திருந்தன. எல்லாம் திருவாரூரைப் பார்த்து நிற்கிறதே என்று குழலுக்குள் சிரிக்கவும் செய்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எட்டவில்லை.

தலையைத் தூக்கினால் படகு சின்னதாக இருந்தது. படகு எங்கேயோ போகிறது என்று நினைத்தேன். கயிறு கட்டிய படகு எங்கே போகும்? போவது நான்.

படகைப் பார்த்து உதைத்தேன். கீழே ஒரு பெரிய சிப்பி, நீல உதடு, பாதி திறந்த வாய். கால் வலிக்க உதைத்துவிட்டுக் குனிந்தால் அதே சிப்பி. மூச்சு வாங்க நின்றேன். சிப்பி கிழக்கே நழுவிப் போய்விட்டது. பிறகு சரிவு வந்தது, சரிவு இருண்டது, அப்புறம் கீழே ஒன்றுமே இல்லை. நீலம். ஆற்றில் எவ்வளவு இழுத்தாலும் இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை. நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கரையைத் தேடினேன். அந்தத் தேடல்தான் என்னைப் பயமுறுத்தியது.

விசில் சத்தம் கேட்டது. ஓர் ஆரஞ்சு வளையம், அதன் பின்னால் ஒரு தலை, என்னை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தது.

"ஒதைக்காத! நீந்தாத! சும்மா இரு!" அக்காவின் வகுப்பறைக் குரல்.

வந்து சேர்ந்ததும் என் கையை வளையத்தில் மாட்டி, என் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அறிவிருக்காடி ஒனக்கு? காலையில ஓடின பக்கமே மத்தியானமும் ஓடறதுக்கு இது என்ன ஒங்க ஆறா?"

"அப்படித்தான் நெனச்சேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் முகம் மாறியது. வசவு நின்றுவிட்டது. அவளும் அதே ஆற்றங்கரைக்காரி அல்லவா. இதை அவள் பிள்ளைகள் யாரும் செய்ய மாட்டார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து தண்ணீர் போவதையும் திரும்பி வருவதையும் பார்ப்பவர்கள்.

"படகு?"

"வரும். மொதல்ல அந்த ரெண்டு பேர ஏத்தணும். தண்ணியில ஆள விட்டுட்டுக் கெளப்ப முடியாது. கால் மணி நேரம் ஆகும். அவரு கண்ணு இந்த வளையத்து மேலதான் இருக்கும், பயப்படாத."

"எப்படியும் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"அப்ப நீ ஏன்கா குதிச்சே?"

அக்கா என்னைப் பார்த்தாள், வாய்ப்பாடு தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல. "நீ தனியா இருந்தியே" என்றாள்.

முகமூடிக்குள் அழவும் கூடாது. கழற்றி வளையத்தில் மாட்டிவிட்டு, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். தண்ணீர் எங்கள் இருவரையும் சேர்த்து மேற்கே கொண்டுபோயிற்று. சத்தமே இல்லை. என் காதோரம் அவளாகவே பேசினாள்.

"குதிக்கறப்ப என்ன தோணுச்சு தெரியுமா? ஒனக்கு ஒண்ணுன்னா யாருக்குப் போன் பண்றதுன்னு. அம்மாகிட்ட சொல்ல முடியாது, தாங்க மாட்டாங்க. அப்பாகிட்டதான் சொல்லணும். ஹலோன்னு அவரு சொன்ன ஒடனே நான் என்னன்னு ஆரம்பிப்பேன்? எனக்கு வரவே இல்லடி. அப்பாவ எப்படிக் கூப்பிடறதுன்னே எனக்கு மறந்து போச்சு."

வளையத்தைப் பிடித்திருந்த அவள் கை மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

ஹசன் வந்து, என்னைச் சட்டைக் காலரைப் பிடித்தே ஏற்றினார். திட்டவில்லை. துண்டைச் சுற்றி, சர்க்கரை கொட்டிய தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டார். அக்கா அவர்களுடைய திவேஹி மொழியில் எங்கள் ஆற்றைப் பற்றி விளக்கினாள். அவர் ஆறு பார்த்ததில்லை. அந்த நாட்டில் ஆறு கிடையாது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார், அக்கா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்:

"எப்பவும் ஒரே பக்கம்தான் போகுமா? அப்ப எப்படித் திரும்பி வருவீங்க?"

"நடந்து வருவோம்னு சொல்லுக்கா."

சொன்னாள். ஹசன் யோசித்தார். "பாவம்" என்றார்.

திரும்பும் வழியில், இன்ஜின் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. கத்தித்தான் சொன்னேன். "அக்கா, நீ வர வேணாம். ஒளிஞ்சுக்கிட்டேன்னு சொன்னது தப்பு. ஒனக்குக் கஷ்டம்னா வர வேணாம். நான் மாலையோட நேரா இங்க வந்து ஒனக்குக் காட்டிட்டுப் போறேன்."

அவள் பரீட்சைத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். குதித்தபோது இரண்டு தாள் காற்றில் பறந்து கடலில் போய்விட்டனவாம். "அந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் முழு மார்க்கு போட வேண்டியதுதான்" என்றாள்.

சாயங்காலம் என் பின்கழுத்து வெயிலில் வெந்து எரிந்தது. அக்கா பின்னால் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவினாள். முகம் தெரியாததால் பேசச் சுலபமாக இருந்ததோ என்னவோ.

"பந்திக்கு யாரு நிக்கறா?"

"சித்தப்பா பையன் நிக்கறேன்னான்."

"அவனா? செல்லப் பாத்துக்கிட்டே நிப்பான். மூணாவது வரிசைக்கு ரசமே போகாது."

எங்கள் பக்கம் பந்தி விசாரிப்பது வீட்டு ஆண்பிள்ளை வேலை. பரிமாற ஆட்கள் இருப்பார்கள். ஆனாலும் வீட்டு மனிதர் ஒருவர் இலை இலையாக நடந்து, "கூட்டு வந்துச்சா? வெக்கப்படாம கேளுங்க" என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். அவர் நின்றால்தான் அது வீட்டுச் சாப்பாடு. எங்கள் வீட்டில் பையன் கிடையாது.

எண்ணெய்க் கை ஒரு நொடி நின்றது. "நான் நிக்கறேன்."

"எங்க?"

"பந்தியில. மேடைக்கு வர மாட்டேன். பந்தியில நிக்கறேன். வாய் நெறையச் சோறு இருக்கறவங்க என்ன கேப்பாங்க? அங்க கேக்கறது நானா இருப்பேன். 'மாமி, பாயசம் இன்னொரு கரண்டி?' அவ்வளவுதான்."

நான் துள்ளித் திரும்பினேன். எண்ணெய்ப் பாத்திரம் கவிழ்ந்தது.

"குதிக்காதடி. அப்பா ஒத்துக்கணும். பந்தி அவரோடது. அவரு வேணாம்னுட்டா நான் வர மாட்டேன், நீ மறுபடி ஆரம்பிக்கக் கூடாது."

ஞாயிறு காலை படகுத்துறை. ஸ்பீட் போட் வந்து நின்றுவிட்டது. அக்கா கையை நீட்டினாள். "ஒன் போனக் குடு. என் நம்பர் வந்தா எடுக்க மாட்டாரு."

ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "போட் ஏறிட்டியாம்மா?"

"அப்பா. நான் வாணி."

அந்தப் பக்கம் மழை பெய்வது கேட்டது, எங்கள் கொல்லைத் தகரக் கூரையில். அவர் ஏற்கெனவே அங்கே போய்விட்டாரா, இல்லை இப்போதுதான் எழுந்து நடக்கிறாரா, தெரியவில்லை. வைக்கவில்லை. அதுமட்டும் தெரிந்தது.

"பந்திய நான் பாத்துக்கறேன்ப்பா."

மழை. மழை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அக்காவின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

"எத்தன எலன்னு தெரியுமா?" தலைமை ஆசிரியர் குரல்.

"சொல்லுங்க."

"எண்ணூறு. மொதப் பந்தி ஏழரைக்கு."

"முகூர்த்தம் எப்ப?"

"ஒம்பதுக்கு."

"ஏழரைக்குப் போட்டா தாலி கட்றப்ப யாருப்பா மண்டபத்துல இருப்பா? சாப்பிட்டுட்டு எல்லாரும் பஸ் ஏறிடுவாங்க."

"பசியோட ஒக்கார வச்சுத் தாலி கட்டச் சொல்றியா?"

அக்கா ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டாள். படகுக்காரர் என் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னையும் ஏற்றினார். கயிற்றை அவிழ்த்தார். இன்ஜின் உறுமியது. அப்போதுதான் உறைத்தது. "அக்கா! போன்! டிக்கெட் அதுலதான் இருக்கு!"

அவள் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள், ஒரு நிமிஷம் என்று. பிறகு இன்ஜின் சத்தம் தொந்தரவாக இருந்ததால் இன்னொரு காதில் விரலை வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். கையசைக்கக்கூட இல்லை. மூன்று நாள் தங்கி, அவளுக்காகக் கடலோடு போகப் பார்த்தவள் நான்!

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி, கெஞ்சி, டிக்கெட்டை அச்சடித்து வாங்கினேன். மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான், அம்மாவுடையது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வங்காளதேசத்துக் கட்டடத் தொழிலாளி, பாஷை தெரியாமலே என் சைகை புரிந்து தன் போனைக் கொடுத்தார்.

"அம்மா, நான் பவி. அக்கா போன் பண்ணினாளே, அப்பா பேசி முடிச்சாரா?"

"பேசறாருடி. இன்னும் பேசறாரு. ரெண்டு தடவ வச்சுட்டாரு, ரெண்டு தடவையும் அவரே திரும்பக் கூப்பிட்டாரு. வச்ச காப்பி ஆறிப் போச்சு."

"என்னம்மா பேசறாங்க?"

"சண்ட. அவ லட்டுங்கறா, இவரு ஜாங்கிரிங்கறாரு. தெருவுக்கே கேக்குது. இந்தா, நீயே கேளு."

அம்மா போனை எங்கோ நீட்டினாள். மழைச் சத்தத்துக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது. "ஒனக்கு ஒண்ணும் தெரியாது வாணி! நான் சொல்றத மொதல்ல கேளு!"

எனக்கு முன்னால் நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பிக் கேட்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேட்டியா?" என்றாள் அம்மா. "நல்லா சண்ட போடறாங்கடி."